நாலு நட்சத்திரமும் கடைசி வரியும்

"எங்கய்யா போச்சு அது?"

மடித்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை, பக்கம் கட்டும் லேஅவுட்காரரின் விசைப்பலகை மேலேயே அறைந்தார் சினிமா விமரிசகர். பாதி கட்டியிருந்த விளையாட்டுப் பக்கத்தில், கோப்பை வாங்கியவர்களின் தலைக்கு மேலே 'க' வரிசையாக ஓட ஆரம்பித்தது.

லேஅவுட்காரர் பேப்பரை எடுத்துக் கீழே வைத்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். பிறகுதான் கேட்டார்.

"எது?"

"என் விமரிசனத்தோட கடைசி வரி."

"மெத்தை விளம்பரம் ஒண்ணு கடைசி நேரத்துல வந்துச்சு. இடம் வேணும்னாங்க. எடுத்தேன்."

"என்கிட்ட கேட்டியா?"

"மெத்தைக்காரன் என்கிட்ட கேட்டானா?"

அடுத்த மேஜைகளில் தட்டும் சத்தம் நின்றது. விமரிசகருக்குக் காதுவரை சூடு ஏறியிருந்தது. அந்த அலுவலகத்தில் அவர் பெயர் நட்சத்திரம். வீட்டில் போட்டுப் பார்க்கும் படங்களுக்கு வாராவாரம் விமரிசனம் எழுதி, ஒன்றிலிருந்து ஐந்துவரை நட்சத்திரம் கொடுப்பவர் என்பதால் வைத்தது. வயது நாற்பத்தேழு, தனிக்கட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. படுமோசமான படத்துக்குக்கூட ஒன்றரை போடுவார். பாவம், உழைத்திருக்கிறார்கள் என்பார்.

போன வாரப் படம் கார்ட்டூன். ஆனால் பெரியவர்களுக்காகச் செய்தது. தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீட்டுக்கு வந்தது. முகமூடி வீரன் ஒருவன், மகளைக் கடத்தியவர்களைத் தேடிப் போகிறான். பிடிபட்டவர்களின் விரல்களை ஒவ்வொன்றாக முறிக்கிறான். இருட்டும் ரத்தமுமான அந்தப் படத்துக்குள் ஓர் அப்பனின் துக்கம் இருந்தது. நாலு நட்சத்திரம் கொடுத்தார். கடைசி வரியாக, 'குழந்தைகள் இருக்கும் அறையில் இதைப் போடாதீர்கள்' என்று எழுதினார்.

அந்த வரி இல்லாத விமரிசனத்தைத் தங்கை படித்தாள். அவள் கண்ணில் பட்டது அப்பா, மகள், கார்ட்டூன், நாலு நட்சத்திரம். ஆறு வயது மகளுக்குப் படத்தைப் போட்டுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனாள். கூடை காலியாவதற்குள் படம் விரல்களுக்கு வந்துவிட்டது.

மச்சான் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மூக்கையும் வாயையும் மூடி, இரண்டு பக்கமும் வட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும் முகமூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் அதைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வீட்டுக்குள் வந்தார், எப்போதும் வருவதுபோல. பிள்ளை வீறிட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். விரல்களை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டாள். இன்று வியாழன். இன்னும் அப்பா பக்கம் வரவில்லை.

தங்கை இன்று காலையில்தான் போனில் சொன்னாள். "ஊருக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்ற. உன் மருமகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியலயா, அண்ணா?"

"திருத்தம் போடணும்," என்றார் நட்சத்திரம் லேஅவுட்காரரிடம். "வெட்டினது நீதான்னு போடணும்."

"ஆசிரியர்கிட்ட கேளு. ஆனா ஒண்ணு சொல்லு. பதினொரு வருஷமா உன் எழுத்தை வெட்டுறேன். என்னிக்காவது தலையில வெட்டியிருக்கேனா?"

நட்சத்திரம் பென்சிலை எடுத்து மறுபடி சட்டைப்பையிலேயே செருகினார்.

"வால்லதான் வெட்டுவேன். இங்க டீ கொண்டு வர்ற அம்மாவுக்குக்கூட அது தெரியும். செய்தி எழுதுறவன் எத்தனை பேர் செத்தாங்கன்னு முதல் வரியில போடுறான். நீ மட்டும், விழுந்தவன்கிட்டப் போயி இங்க கிணறு இருக்குங்கிற."

"கடைசியில சொன்னாத்தான்யா மனசுல நிக்கும்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. இருபது வயதில் சிடி வாடகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பயங்கரமான படங்கள் மேல்தட்டில் இருக்கும். கேட்பவருக்குக் கதையைச் சொல்லி, நோட்டில் எழுதி, சிடியை நீட்டுவார். ஆனால் விடமாட்டார். ஒரு முனையைப் பிடித்தபடியே, "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?" என்பார். கடைசியாகக் காதில் விழுந்தது வீடுவரை கூட வரும் என்பது அவர் கணக்கு. பதினாறு வருஷத்தில் ஒரு தாயும் திட்டிக்கொண்டு கடை ஏறியதில்லை. கடை மூடி, பேப்பருக்கு வந்த பிறகும் அந்தக் கடை மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் எழுதி வந்திருக்கிறார். பேப்பரில் முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கோபம் இறங்கவில்லை. ஆசிரியர் அறைக்குள் அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

"திருத்தமா? நாலு நட்சத்திரம் போட்டது மெத்தைக்காரனா, நீயா?" என்றார் ஆசிரியர்.

நட்சத்திரம் வெளியே வந்து கதவை அறைந்து சாத்தப் பார்த்தார். அது தானாக மெல்ல மூடும் கதவு.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். தான் எழுதிய மூலப்பிரதி கையில் இருந்தது, கடைசி வரிக்குப் பென்சில் அடிக்கோட்டோடு. வாசல் கேட்டில் மச்சானின் முகமூடி தொங்கியது. உள்ளே பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

"பாரு. எழுதியிருக்கேன்."

தங்கை வாங்கவில்லை. "எழுதினியா, சரி. இந்தக் காகிதமா எங்க வீட்டுக்கு வந்துச்சு?"

"விடும்மா. வேணும்னா செஞ்சார்?" என்றார் மச்சான்.

"நீங்க சும்மா இருங்க. பெத்த பிள்ளை மூஞ்சி குடுக்க மாட்டேங்குது, இவருக்கு வக்கீல் வேலை பாக்குறீங்க."

மச்சான் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. "என்ன தேய்ச்சாலும் இது போகாது. அது பெயிண்டுன்னு அவளுக்குத் தெரியும்," என்றார். "முன்ன தெரியும்."

நட்சத்திரம் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அதை நீட்டிக் காட்டிய கையை அவருக்கே வெட்ட வேண்டும்போல் இருந்தது.

"வெட்டினது அவங்க. வெட்டுற இடத்துல கொண்டுபோய் வச்சது நான்தான்," என்றார்.

"அத வந்தவுடனே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன," என்றாள் தங்கை. பிறகு புருஷனிடம், "அந்த முகமூடிக் கருமத்தப் பட்டறையிலயே வச்சுட்டு வந்தா என்ன?"

"காணாமப் போயிடும்."

"போகட்டும். நான் வாங்கித் தரேன் மச்சான்," என்றார் நட்சத்திரம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஞாயிறு பக்கம் முடிக்கும் நாள். திருத்தத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் புதுப் படத்தின் விமரிசனத்தைக் கொடுத்தார். முதல் வரி, 'இது குழந்தைகளுக்கு அல்ல.' இரண்டாவது வரி, 'போன வாரம் எழுதிய படமும் அல்ல.' ஐந்து மணிக்குக் காலணி விளம்பரம் ஒன்று வந்தது. லேஅவுட்காரர் கடைசியில் நாலு வரி எடுத்தார். நட்சத்திரத்துக்குப் பிடித்த வாக்கியம் அதில் இருந்தது. ஆறரைக்கு மச்சான் வெறும் கழுத்தோடு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். பிள்ளைதான் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். கட்டிலுக்கு அடியில் போகவில்லை.