புடவை மட்டும்தான் அம்மாவுடையது

மயில்கழுத்து நிறத்தில் அம்மாவிடம் ஒரு பட்டுப்புடவை இருந்தது. பீரோவில் இருந்த ஒரே நல்ல புடவை. அதை அம்மா எத்தனை முறை கட்டினாள் என்பது நினைவில்லை. சித்தி ஒருமுறை கட்டினாள் என்பது நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது நான்கு வயது. அம்பத்தூரில் பேர்பெற்ற ஓர் ஆங்கிலப் பள்ளியில் என்னைச் சேர்க்க, அப்பாவையும் அம்மாவையும் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவள். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே நாற்று நட்ட குடும்பம். வயலெல்லாம் மனைகளான பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். எங்கள் தெருவில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. படித்த அத்தையோ சித்தியோ நேர்காணலுக்காக ஒரு மணி நேரம் அம்மாவாகிவிடுவார்கள். அப்படித்தான் வேப்பம்பட்டிலிருந்து பி.ஏ. படித்த சித்தி ரயிலேறி வந்தாள். அவள் கட்டி வந்த புடவை எடுப்பாக இல்லை என்று அம்மாவே தன் பட்டுப்புடவையைக் கொடுத்து, கொசுவமும் பிடித்துவிட்டாள்.

பள்ளி வாசல்வரை வந்த அம்மா, எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டாள். உள்ளே அப்பா, தம்பி பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்த கூச்சத்தில் நாற்காலியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். சித்தி ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினாள். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் முதல்வர் அம்மாள் சிரித்தபடி என்னிடம், "உங்க அம்மா கட்டியிருக்கிற புடவை என்ன கலர்?" என்று கேட்டார். கேள்வியே தப்பாக இருந்தால் நான் என்ன செய்வேன்? "இது சித்தி. புடவை மட்டும்தான் அம்மாது. அம்மா வெளிய நின்னுகினு கீது" என்றேன்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். "பொய் சொல்லி சீட்டு வாங்கப் பார்த்தீங்களே, வெட்கமா இல்லை?" என்றார் முதல்வர். மன்னிப்புக் கேள் என்று அப்பா கண்ணால் கெஞ்சினார். அம்மா நிமிர்ந்தே நின்றாள். "பொய் சொன்னது தப்புதாம்மா. ஆனா நானே வந்திருந்தா சீட்டு குடுத்திருப்பியா? படிக்கப் போறது இன்னா, நானா? எம் பொண்ணுதானே?" பதிலுக்கு விண்ணப்பம்தான் திரும்பி வந்தது.

வீடு வரும்வரை அப்பா திட்டித் தீர்த்தார். மறுநாள் அம்மா லீவு போட்டுவிட்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு தானே பள்ளி தேடக் கிளம்பினாள். சட்டையை உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்ப்பது அவள் வேலை. பள்ளிகளையும் அப்படித்தான் பார்த்தாள். வாசல் வளைவையும் வண்ணப் படங்களையும் கண்டுகொள்ளாமல் நேராகக் கக்கூஸுக்குப் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தாள். மணி அடித்ததும் வெளியே வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு இடங்களில் வாட்ச்மேன் விரட்டினார். மூன்றாவது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளி. அங்கே தலைமையாசிரியை கேட்ட முதல் கேள்வி, "குழந்தை சாப்பிட்டுச்சா?" அம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டாள். "ஸ்கூலு நம்பளப் பாக்கறதுக்கு மின்ன, நாம ஸ்கூலப் பாக்கணும்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பள்ளியில் மழைக்கு ஒழுகாத வகுப்பு ஒன்றோ இரண்டோதான். அதை மறைத்துப் பெருமை பேச மாட்டேன். ஆனால் அங்கே எந்த அம்மாவையும் வெளியே நிறுத்தவில்லை.

அங்கே படித்துத்தான் இன்று ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. என் மகளுக்குப் பள்ளி தேடியபோது, அப்பா அம்மா என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்ட விண்ணப்பங்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். திமிர் என்றார் என் கணவர். திமிர்தான். பெற்றோருக்குப் பரீட்சை வைக்காத ஒரு பள்ளியில் அவள் படிக்கிறாள்.

போன மாதம், எங்கள் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். மகளுக்குப் பெரிய பள்ளி ஒன்றில் நேர்காணல். "அக்கா, ஒரு மணி நேரம் எம் பொண்ணுக்கு அம்மாவா வந்து உக்காந்துட்டு வரீங்களா? எனக்கு இங்கிலீஷ் வராதுக்கா."

எனக்குக் கோபம் வந்தது, அவள்மீது அல்ல. முடியாது என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "நீ அம்மாவா வா, நான் கூட வரேன்" என்றேன். "சீட்டு பூடும்க்கா" என்றாள். சீட்டு போகலாம்தான், போனால் பழி என்மேல்தான். என் பிடிவாதத்துக்கு அவள் குழந்தையைப் பணயம் வைக்கிறேனோ என்ற பயமும் இருந்தது. அதனால் அம்மாவின் கதையைச் சொல்லி, முடிவை அவளிடமே விட்டேன். புடவைக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து வந்து, "உங்க அம்மாக்கு இருந்த தில்லு எனக்கு இல்லியா? வாங்கக்கா, பாத்துக்கலாம்" என்றாள்.

போனோம். சீட்டுப் பட்டியல் இன்னும் வரவில்லை, என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் அந்த அறையில் நடந்தது இதுதான். முதல்வர் என்னைப் பார்த்து, "நீங்கதான் மதரா?" என்றார்.

"இல்லை மேடம். அம்மா இவங்க. இவங்க தமிழ்ல சொல்றது உங்களுக்குப் புரியலன்னா, எடுத்துச் சொல்ல நான் வந்திருக்கேன்."

அவர் என்னை முறைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பித் தமிழிலேயே கேட்டார். "உங்க பொண்ணைப் பத்திச் சொல்லுங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.