மாமா குடிக்காத காபி

என் அப்பா வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். அம்மாவோ, பாலே வெளுத்து வந்து நின்றாலும் நம்பமாட்டாள். பால்காரர் எதிரிலேயே விரலைவிட்டுத் தூக்கி, சொட்டு எப்படி விழுகிறதென்று பார்ப்பாள். கோவிலில் பொங்கல் கொடுத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன் நெய்யை முகர்ந்துவிடுவாள். நான் அவள் பெண்தானே, எனக்கு மட்டும் எங்கிருந்து நம்பிக்கை வரும்?

அதனால்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டுக் காபி வண்டி போடப்போகிறேன் என்று வந்து நின்றபோது நாங்கள் இருவரும் ஒரே மாதிரி முழித்தோம். ஆரணியில் பட்டுநூலுக்குச் சாயம் தோய்க்கிற வேலை சும்மா கிடைக்காது. அப்பாவுக்குத் தறிக்குப் பாவுநூல் கொடுக்கிற முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அம்மா வாங்கிக்கொடுத்த வேலை அது. ஏன் விட்டாய் என்று கேட்டால், “புடிக்கலக்கா” என்பதற்கு மேல் மாமா வாயைத் திறக்கவில்லை.

“புடிக்கலியாம்! நூலு கீலு எடுத்து மாட்டிகினானோ இன்னாவோ, யார் கண்டா?” என்றாள் அம்மா. அப்பா “சீ, சும்மா இரு” என்று தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

சேவூர் போகும் சாலையில், டவுன் பஸ் நிற்கும் இடத்தருகே மாமா தள்ளுவண்டியை நிறுத்தினார். சுற்றிலும் டீக்கடைகள். நடுவில் இவர் ஒருவர் மட்டும் டிகாஷன் காபி. “வாசனையே ஆள இழுத்துகினு வரும் பாரு” என்பார். ஆட்கள் வந்தார்கள்தான். ஆனால் வாசனையைக் கவனிக்கவில்லை, மாமாவின் கைகளைப் பார்த்தார்கள். மணிக்கட்டு வரைக்கும் அரக்கும் நீலமும் ஊறிப்போன கைகள், எந்தச் சோப்புக்கும் மசியாதவை. அந்தக் கையால் காபியை ஆற்றினால், காபிக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்ததென்று எங்கள் ஊரில் கேட்காமல் இருப்பார்களா? டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்தார்கள்.

அம்மா என்னை உளவு பார்க்க அனுப்பினாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் வண்டியருகே நின்று எல்லாவற்றையும் கவனிப்பது என் வேலை. கவனித்தேன். முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்தேன்: மாமா தன் காபியைத் தானே குடிப்பதில்லை! அது மட்டுமா? முதல் டம்ளரை என்னிடம் நீட்டி, “பாப்பா, குடிச்சிப் பாத்து சொல்லு, எப்டிகீது?” என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பகீரென்றது. அடப்பாவி மாமா, என்னை வைத்தல்லவா சோதித்துப் பார்க்கிறார்! ஒரு வாய் குடித்துவிட்டு, மயக்கம் வருகிறதா என்று பள்ளி வரைக்கும் பார்த்துக்கொண்டே போவேன்.

இதை நான் சொன்னதும் அம்மாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் தெருவில் சாயத்தைச் சோதிப்பது போலவே காபியையும் சோதித்தாள். சாயம் போடாத வெள்ளைப் பட்டுநூலை மாமாவின் காபியில் ஊறவைத்து, குழாயடியில் அலசினாள். பழுப்பு போகவேயில்லை. “காபியா இருந்தா அலசினா போயிருக்கணுமா இல்லியா?” என்று குழாயடிப் பெண்களிடம் நூலைத் தூக்கிக் காட்டினாள். மதியத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது.

அப்பா சிரித்துக்கொண்டே அடுக்களைக் காபியில் ஒரு நூலைப் போட்டு அலசிக்கொடுத்தார். அதுவும் பழுப்பு. பட்டில் காபி பட்டால் போகாது, அவ்வளவுதான் விஷயம். அம்மா அசரவில்லை. “அப்ப இந்தத் தூள் விக்கிறவனும் திருடன்தான்” என்று மறுநாளே கடையை மாற்றிவிட்டாள்.

மாமாவின் வண்டியில் ஈதான் மொய்த்தது. பழைய முதலாளி, வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் பட்டறையில் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லியனுப்பினார். அந்தச் சேதியோடு அம்மா காலையிலேயே கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

தெருமுனை திரும்பும்போதே பால் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. எதிர்க் கடைக்காரர்கூட மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். மாமா மட்டும் அந்தப் பாத்திரத்தின் மேலேயே குனிந்து, கரண்டியால் கிளறிக்கொண்டு, “வாக்கா, புதுப்பால் வெச்சிகீறேன், குடிச்சிட்டுப் போ” என்று சிரித்தார்.

திட்ட வாயெடுத்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். தீயும் பாலையும் மாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “கண்ண மூடுடா” என்றாள். தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி அவர் மூக்கின்கீழ் பிடித்தாள்.

“இது இன்னா வாசன, சொல்லு.”

மாமா தயங்கினார். “காபித்தூளுதான்க்கா.”

நான் கைகொட்டிச் சிரித்தேன். மாமாவும் அம்மாவும் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. பூவை மறுபடி வைத்துக்கொள்ளாமல் கையிலேயே கசக்கிக்கொண்டிருந்தாள். “ஜல்தி போய் வேற பால் வாங்கினு வாடி” என்று என்னைத் துரத்தினாள். நான் திரும்பி வந்தபோது தீய்ந்த பால் சாக்கடையில் கிடந்தது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா முதுகைக் காட்டி நின்றார். முதலாளியின் சேதியை அம்மா சொல்லவேயில்லை. ஆசிட் ஆவியில் நின்று நின்று மாமாவுக்கு வாசனையே தெரியாமல் போனதும், இனி பட்டறைப் பக்கம் போனால் நெஞ்சும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், நான் கல்லூரி முடித்த பிறகுதான் என் காதுக்கு வந்தன.

மறுநாளிலிருந்து அம்மா விடிந்ததும் வண்டிக்குப் போய்விடுவாள். பாலை முகருவாள், தூளை முகருவாள், முதல் டம்ளரை நடுரோட்டில் நின்று தானே குடிப்பாள். “தூக்கலா போடு”, “எறக்கு” என்று அதட்டுவாள். அவளே குடிக்கிறாள் என்றால் அதில் குறை இருக்குமா? ஊர் மெல்ல மெல்லக் காபிப் பக்கம் சாய்ந்தது. மாமாவின் டம்ளர்கள் காயவே நேரமில்லாமல் போனது.

ஒருநாள் கூட்டமாக இருந்த நேரத்தில், எதிர்வீட்டு அத்தை டம்ளரும் கையுமாகக் கேட்டாள். “இன்னாக்கா, கூடப் பொறந்த தம்பிய இன்னுமா நம்பல? டெய்லி வந்து காவல் காக்கற?”

“இவன யாரு நம்பறது? அசந்தா ஊருக்கே வெசத்த ஊத்திக் குடுப்பான்” என்றாள் அம்மா, பாலை முகர்ந்துகொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு டம்ளர் கழுவினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அத்தனை பேர் எதிரில் அவரை இப்படியா அவமானப்படுத்துவாள்? இத்தனை கல்நெஞ்சக்காரியா என் அம்மா என்று, அன்றைக்கு முழுக்க அவளோடு நான் பேசவில்லை.