அரை இஞ்ச் லூஸ்

எங்கள் தெருத் தையற்காரருக்குப் பூனை என்றாலே ஆகாது. அதனால்தான் ஒன்றே ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். பொத்தான் துளை போல எப்போதும் கண்ணைப் பாதி மூடியே வைத்திருக்கும் அதற்குக் காஜா என்று பெயர். வெட்டி வைத்த துணியின் மேல்தான் தூங்கும். அதை எழுப்ப மனம் வராமல், சட்டை வாங்க வந்தவரை "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

தடுப்பூசி போட்ட இரண்டாவது வாரம், காஜாவின் பின்னங்காலில் ஊசி குத்திய இடத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தையற்காரரும் மனைவியும் கூடையோடு கால்நடை மருத்துவரம்மாவிடம் ஓடினார்கள்.

அவர் அளந்தார். ஒன்றரை சென்டிமீட்டர்.

"ஊசிக்கப்புறம் இப்படி வர்றது பெரும்பாலும் தானே கரைஞ்சிடும். ஆனா ஊசி போட்டு ஒரு மாசம் தாண்டியும் வளர்ந்தாலோ, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போனாலோ, மூணு மாசமாகியும் மறையலைன்னாலோ உடனே வாங்க. கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கணும். புத்துநோயா இருக்கலாம்."

"வலிக்குமே டாக்டர். நாங்க போடுற காய்ச்சல் மாத்திரையில பாதி குடுக்கட்டுமா?" என்றார் மனைவி.

"பாராசிட்டமாலா? குடுத்தீங்கன்னா கட்டி இருக்கும், பூனை இருக்காது."

அன்றே வீட்டு மாத்திரைகள் அத்தனையும் நூல்கண்டுப் பெட்டிக்குள் பூட்டப்பட்டன. மறுவாரம் தையற்காரருக்கே தலைவலி வந்தபோதும் சாவி வெளியே வரவில்லை.

ஊசி போட்டு மாதம் முடிந்த அன்று அவர் டேப்பை எடுத்தார். முப்பது வருட வழக்கப்படி அவர் சொல்ல, மனைவி அளவு நோட்டில் எழுதினார்: இரண்டேகால் சென்டிமீட்டர். உடனே கூடையை யார் தூக்குவது என்று சண்டை வந்தது.

மருத்துவரம்மா மறுபடி அளந்தார். "ஒண்ணுதானே இருக்கு? குறைஞ்சிருக்கு. நீங்க எப்படி அளந்தீங்க?"

தொழிலையே சந்தேகப்பட்டுவிட்டாரே என்று தையற்காரருக்குக் கோபம். கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, அவர் கண்ணெதிரிலேயே கட்டியின் மேல் வைத்தார். டேப் ஒன்றில் நின்றது. வாய் "ரெண்டேகால்" என்றது.

மனைவிக்கு விளங்கிவிட்டது. "ஒண்ணேகால் சென்டிமீட்டர் கூட! சட்டைக்கு மாதிரி அரை இஞ்ச் லூஸ் சேர்த்துச் சொல்றீங்களே மனுஷா. பூனைக்குமா?"

"வளர்ற உடம்பாச்சே," என்றார் அவர், தன்னையறியாமல்.

மருத்துவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இனி டேப் சொல்றதை மட்டும் சொல்லுங்க. மூணு மாசம் முடியிற வரைக்கும் விடாம பாருங்க."

தையற்காரர் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டார். மூன்றாம் மாத முடிவில் நோட்டில் 'இல்லை' என்று ஏறியது. காஜா பழையபடி துணிமேல் படுத்துக்கொண்டது.

அந்த நாட்களில் சட்டை தைக்கக் கொடுத்தவர் எதிர்வீட்டு வாத்தியார். "என்னய்யா இது, கையைத் தூக்க முடியல," என்று வந்து நின்றார்.

"அளவு ரொம்பச் சரியா இருக்கு சார்," என்றார் தையற்காரர். அது உண்மைதான்.