கொழும்பில் ஊதிய சங்கு

கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று எனக்கு ஓரிடத்திலும் கால் தரிக்கவில்லை. ஹட்டனில் ரயிலேறும்போதே என் வீட்டுக்காரர், "ஒரு நாளுதான் லீவு. ஆசதீரச் சாப்புடுவோம், சுத்திப் பாப்போம்" என்றார். காலிமுகத்திடலில் அவர் கடலையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். டிராம் வண்டியில் ஏறினால் இறங்கத் தோன்றியது. இறங்கினால் மறுபடி ஏறத் தோன்றியது.

"பேயா வெரட்டுது? செத்த நில்லு புள்ள!" என்று எரிந்து விழுந்தார்.

மதியம் புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் கடையில் புரியாணிக்கு உட்கார்ந்தோம். அந்த வாசனையில்தான் என் மனசு கொஞ்சம் அடங்கியது. இரண்டு வாய் தின்றிருப்பேன், துறைமுகப் பக்கம் சங்கு ஊதியது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்க ஓட வேண்டும். பிந்தினால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். சோறு ஒட்டிய கையோடு எழுந்து, கொழுந்துக் கூடையைக் காலடியில் தேடினேன். வீட்டுக்காரரும் எழுந்துவிட்டார். கடையே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அப்போதுதான் மூலை மேசையில் ஒரு பெண், தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நிற்பதைக் கண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எந்தத் தோட்டங்க?" என்று கேட்டாள்.

"நோர்வூட் பக்கம். நீங்க?"

"லிந்துலைங்க. இந்தச் சங்கு தெனமும் ஊதும். நான் இங்க பங்களா வேலைக்கு வந்து பத்து வருசமாச்சு" என்றாள், இன்னும் உட்காராமல்.