குடில் ஏட்டில் எழுதிய பெயர்

கனடாவில், டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை எனக்கு. இருக்கைப் பையில் யாரோ விட்டுப்போன சஞ்சிகையில்தான் அந்தக் கணவாயைக் கண்டேன். ஐஸ்லாந்தில், இரண்டு கறுத்த எரிமலைகளுக்கு நடுவே, நிலத்திலிருந்து ஆவி பறக்கும் இடம். படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. அதுதான் பிடித்திருக்க வேண்டும்.

கார்ட்டியர்வில்லில் என்னோடு பேஸ்மென்ட் வீட்டைப் பகிர்ந்திருந்த அண்ணை சிரித்தார். "எரிமலைக்கோ? மெட்ரோக் கதவு பூட்டுப்பட்டிடும் எண்டு ரெண்டு ஸ்டேஷனுக்கு முந்தியே எழும்பி நிக்கிறனீ!"

உண்மைதான். இருந்தும், கனடாக் கடவுச்சீட்டு கையில் வந்த கோடையில் போனேன்.

மலையடிக் குடிலைப் பார்க்கும் பெண் ஓர் ஏட்டை நீட்டினாள். பெயர், போகும் திசை, ஆபத்தென்றால் அறிவிக்க ஒரு தொலைபேசி எண். மாலைக்குள் அடுத்த குடிலுக்கு வராதவர்களைத் தேடிப் போவார்களாம். நான் யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டில் வேறொரு பெயரை எழுதியது. எண்ணும் பொய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஊரில், இராணுவச் சோதனைச் சாவடிகளில். சொந்தப் பெயர் எந்தக் கொப்பியிலும் ஏறக்கூடாது என்பது அங்கே படித்த பாடம்.

இரண்டு மணிநேரம் ஏறியபின் கணவாயில் மூடுபனி இறங்கியது. வழிக்கு நட்டிருந்த கம்புகளில் அடுத்ததுகூடத் தெரியவில்லை. கந்தக நாற்றம். காலடியில் எரிமலைக்கல் சரிந்து உருண்டது. கால் முறிந்தால் என்ன செய்வது என்று மனம் தொடங்கிவிட்டது. தேடுவார்கள், சரி. யாரை? அந்த எண்ணுக்கு அடித்தால், அப்படி ஒருவரைத் தெரியாது என்று யாரோ சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். உதவிக்குக் கத்திப் பார்க்கலாமென்றால், வாயில் எவர் பெயரும் வரவில்லை.

முன்னே போனாலும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனாலும் என் சப்பாத்துத் தடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

சுகமில்லையா என்று குடிலில் அந்தப் பெண் கேட்டாள். ஏட்டை இழுத்து, எழுதியதை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். எண்ணுக்குக் கார்ட்டியர்வில் வீட்டு எண்ணைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. குடிலின் தொலைபேசியைக் கேட்டு வாங்கினேன்.

"அண்ணை, எங்கட வீட்டு நம்பரைக் குடுத்திருக்கிறன். நாளைக்குப் பின்னேரம் நான் அடுத்த குடிலுக்குப் போய்ச் சேராட்டி இஞ்ச இருந்து கோல் எடுப்பினம்."

"எடுத்தா என்ன சொல்லுறது?"

"அப்பிடி ஒருத்தன் இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ."

"ஓம். ஒவ்வொரு நாளும் சோத்தைக் குழைய விடுற ஒருத்தன் இருக்கிறான் எண்டு சொல்லுறன். பாத்து நட."

மறுநாளும் பனி விலகவில்லை. பயமும் குறையவில்லை. ஒரு கம்பைத் தொட்டு நின்று, அடுத்தது தெரிந்தபின்தான் நகர்ந்தேன். பின்னேரம், அந்தப் பக்கக் குடிலில் இருந்த கிழவர், தொலைபேசியில் கேட்டு எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து என் பெயரைப் பிழையாக உச்சரித்து, நான் தலையாட்டியதும் அதற்கு நேரே ஒரு கோடு இழுத்தார்.