சாவி கேட்கத் தெரிந்தவள்

வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றில், நாலு பேர் முன்னால், என் மனைவியை அவமானப்படுத்தினேன். தப்பு முழுக்க என்னுடையது.

மகன் இத்தாலியில் வேலை பார்க்கிறான். பேத்தியைப் பார்க்கப் போனோம். அவன் வீடு சிறியது என்பதால் பக்கத்து ஹோட்டலில் எங்களுக்கு அறை எடுத்திருந்தான். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே அவள் தயாராகத் தொடங்கிவிட்டாள். எங்கள் ஊர் கம்பத்தில் திராட்சைத் தோட்டத்து ஆட்களுக்குக் காப்பி கொடுத்த கையோடு செல்போனும் நோட்டுமாக இத்தாலி மொழி படிக்க உட்கார்ந்துவிடுவாள். 'தோவே லஷென்சோரே?' லிஃப்ட் எங்கே? 'லா கியாவே, பெர் ஃபவோரே.' தயவுசெய்து சாவி. எல்லாம் தமிழ் எழுத்தில். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சாவியை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு நான் நடக்கப் போனேன். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்தவள் சாவி கேட்டிருக்கிறாள். அறை யார் பெயரில் இருக்கிறது என்று மேசையில் இருந்தவர் கேட்டார். கேள்வி அவளுக்குப் புரிந்தது. பதில் என் பெயர். அதை அவள் சொல்லவில்லை. எடுத்துக் காட்டலாமென்றால் பாஸ்போர்ட்டோ என் பையில்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தேன். ஹோட்டல் வாசல் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் கத்தினேன்.

"புருஷன் பேரைச் சொன்னா நாக்கு அழுகிருமா? இந்த லட்சணத்துல மூணு மாசப் படிப்பு!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னதுக்கும் நீங்கதான் வஞ்சீக. சொல்லாததுக்கும் நீங்கதான் வையிறீக."

கல்யாணமான புதிதில் தபால்காரரிடம் ஒரே ஒரு முறை என் பெயரைச் சொல்லிவிட்டாள். அதற்காக அவளைத் திட்டிவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் நான். அவள் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன்.

அன்று நோட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள். ஊர் திரும்பும்வரை அந்த நாட்டுக்காரர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நோட்டை எடுத்துவைத்திருந்தேன். கம்பம் வந்ததும் அதை அவளிடம் நீட்டி மன்னிப்புக் கேட்டேன். இனி என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு என்றேன்.

"இம்புட்டு வயசுக்கப்புறம் எதுக்கு?" என்றாள். நோட்டை வாங்கவில்லை. நானே அதை எடுத்துப் படித்தேன். அவள் காதில் விழும்படி வேண்டுமென்றே தப்பாக உச்சரித்தும் பார்த்தேன். திருத்தவில்லை.

இந்த வருடம் மகன் மறுபடியும் கூப்பிட்டான். பேத்தி பேசத் தொடங்கிவிட்டாளாம்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அங்கன வேலையில்ல" என்றாள்.

தனியாகப் போனேன். அதே ஹோட்டல், மேசையில் அதே மனிதர். "லா கியாவே, பெர் ஃபவோரே" என்றேன். சாவியைக் கொடுத்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, "லா சிஞ்ஞோரா?" என்று கேட்டார்.

வீட்டம்மா வரவில்லையா என்கிறார். அதற்கு என்ன சொல்வது என்று அவள் நோட்டில் இல்லை.