வாசிப்பறையின் வடக்குச் சுவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதைக் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் கூடப்பிறந்த அக்கா வீட்டில் நடந்தது இது. அனுபவித்தவர் அத்தான். அக்காவின் கணவர், கட்டட காண்ட்ராக்டர். பேய் என்று யாராவது வாயெடுத்தால் வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். இப்போது சிரிப்பதில்லை.

ஊர் நடுவில் ஒரு பழைய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதைக் கட்டியது தன் கொள்ளுத்தாத்தா என்பது அத்தானுக்குப் பெரிய பெருமை. ஆனால் வாய்ப்பேச்சுதான், சான்று கிடையாது. ஒரு வருஷம், கட்டியவர் பெயரை வாசலில் கல்லில் பதிக்கப் போவதாக அறிவித்தார்கள். இன்னொரு குடும்பமும் உரிமை கொண்டாடிக்கொண்டு கிளம்பியது. அத்தானுக்குத் தூக்கம் போயிற்று.

"அந்தக் கல்லுல எங்க பேரு ஏறணும், மச்சான். அப்புறம் பாரு, வேலை என் வாசல் தேடி வரும்," என்றார் என்னிடம்.

தினமும் காலையில் காப்பகத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். வாசிப்பறையில் வடக்குச் சுவரை ஒட்டிய மேசைதான் அவருக்குக் கிடைத்தது. காப்பாளர் ஒரு வயதான அம்மாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கேட்ட கட்டுகளைக் கொண்டுவந்து பொத்தென்று போடுவார். தூசியில் தும்மல் வரும்.

கொள்ளுத்தாத்தா சீக்கிரமே அகப்பட்டார். ஒப்பந்தக்காரர் என்ற இடத்தில் அவர் பெயர்தான். கூடவே இன்னொரு விஷயமும் இருந்தது. கட்டும்போது வடக்குச் சுவர் மறுபடி மறுபடி சரிந்திருக்கிறது. இனிமேலும் சரிந்தால் சிறை என்று அவருக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. அடுத்த முறை சுவர் நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்றும் இடித்தது. சுவர் நிற்பதற்கு முந்தைய மக்கள் கணக்கெடுப்பில் அவருக்கு மூன்று பிள்ளைகள். அடுத்ததில் இரண்டு. ஏழு வயதுப் பெண் ஒருத்தியைக் காணோம். செத்ததாகவும் பதிவில்லை.

ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று அத்தான் கட்டை மூடினார். அப்போதுதான் கேட்டது.

டொக்… டொக்… டொக்…

முதுகுக்குப் பின்னால். சுவருக்குள்ளிருந்து.

"என்னம்மா சத்தம்?"

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார் காப்பாளர், நிமிராமலே.

அத்தான் எழுந்து சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். அவர் தொழிலே அதுதானே. ஓரிடத்தில் மட்டும் பொக்கையாக ஒலித்தது. ஒரு குழந்தை நிற்கிற உயரம். ஒரு குழந்தை நிற்கிற அகலம்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொள்ளுத்தாத்தா எழுப்பிய சுவர் பொக்கை என்று வெளியே தெரிந்தால், கல்லாவது பெயராவது?

அந்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடமும் லீவு. மகளைக் கூடவே அழைத்துப் போனார். ஏழு வயது. குருவி என்றுதான் கூப்பிடுவோம். கண் விழித்தால் பேச ஆரம்பிப்பாள், தூங்கும்வரை ஓயமாட்டாள். மேசைக்கு அடியில் சுவரில் சாய்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா… உள்ள ஒரு பொண்ணு தட்டுறா."

"சும்மா இரு."

"இடம் மாத்திக்கலாமான்னு கேக்குறாப்பா."

அத்தான் ஒரு முக்கியமான வரைபடத்தில் மூழ்கியிருந்தார். "மாத்திக்கோ, மாத்திக்கோ. அப்பாவை வேலை பாக்க விடு, கண்ணு."

பேச்சு நின்றது.

நல்ல நேரம் கழித்துத்தான் அவருக்கு அந்த அமைதி உறைத்தது. குனிந்து பார்த்தார். அதே இடத்தில், அதே சட்டையில், அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஜன்னல் வெளிச்சத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குருவி?"



அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. ஏதோ அதிர்ச்சி, சரியாகிவிடும் என்றார் டாக்டர். கதவைச் சாத்தினால் நடுங்கினாள். நிலைப்படியில்தான் படுத்தாள். முதல் நாள் சாயங்காலம் அக்கா விளக்கைப் போட்டதும், நாற்காலியில் ஏறி நின்று, மின்விளக்கை ஊதி அணைக்கப் பார்த்தாளாம்… ஃபூ… ஃபூ… என்று.

அத்தான் மறுபடி காப்பகத்துக்குப் போனார். கல்லில் பெயர் ஏற இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

சத்தம் மாறியிருந்தது.

பட்… பட்… படபடபட…

இரண்டு கையாலும் அறைகிற சத்தம்.

மறுநாளும்.

அதற்கு மறுநாளும்.

அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

சத்தம் மெலிந்தது.

அப்புறம் சுரண்டல் மட்டும். கிரீச்… கிரீச்…

அப்புறம் அதுவும் இல்லை.

"அப்பாடா," என்றார் அத்தான்.

கல்லில் பெயர் ஏறியது. குடும்பமே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். குருவி மட்டும் தெருவைத் தாண்டி வர மறுத்துவிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வருஷம் மழையில் வடக்குச் சுவர் ஓதம் ஏறி உப்பியது. உடைத்தார்கள். பூச்சு ஒரு கீறல்கூட விழாத பழைய பூச்சு, கட்டியதிலிருந்து யாரும் கை வைத்ததில்லை என்றார் என்ஜினியர்.

உள்ளே எலும்புகள் இருந்தன. சின்ன எலும்புகள்.

இரண்டு பேருடையவை.

போலீஸ் டாக்டர் தாடைகளைக் கவனமாகப் பார்த்தார். ஒன்றின் கடைவாய்ப் பல்லில் சொத்தை அடைத்திருந்தது. வெள்ளை அடைப்பு. இந்தக் காலத்து அடைப்பு. எங்கள் ஊர்ப் பல் டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, தன் வேலைதான் என்றார். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் அதை மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தப் பெண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இவதான் என் பொண்ணு. எவனாவது இவ வாயைத் திறந்து பாக்க வந்தீங்க, நடக்கிறதே வேற!"

அவள் அக்காவின் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தாள். இமைக்காமல்.

அத்தான் போலீஸ் டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உள்ள… எத்தனை நாள் உசுரோட இருந்திருப்பா, சார்?"

"அதை எலும்பை வச்சு எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் டாக்டர்.

அத்தானால் சொல்ல முடியும்.